குமரிக் கரையில் நின்று புவிமேலோட்டின் பிறப்பைப் படிப்பது எப்படி?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். காலடியில் கிடக்கும் பாறையைக் குனிந்து பார்க்கிறவர்கள் மிகச் சிலர். பூமியின் மேலோடு கண்ட மேலோடு, கடலடி மேலோடு என இரு வகைப்படும் என்று பள்ளிப் பாடநூலில் சில வரிகளில் படித்துக் கடந்துவிடும் செய்தியை, இந்த மாவட்டத்தில் ஒரு நாளைச் செலவிட்டால் தொட்டும், எடை போட்டும், மணலாகக் கையில் ஏந்தியும் படித்துவிட முடியும். மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களையும், பிள்ளைகளின் கேள்விக்கு விடை சொல்ல முயலும் பெற்றோரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் கையால் தொடக்கூடியது கண்ட மேலோடு மட்டுமே. கடலடி மேலோடு நெடுந்தொலைவில், ஆழ்கடலுக்கு அடியில் கிடக்கிறது. ஆகவே ஒரு பாதியைக் கண்ணால் கண்டும், மறு பாதியைக் காரணகாரியத்தால் எட்டியும் படிக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சு ஒன்று, கொக்கியுள்ள ஸ்பிரிங் தராசு ஒன்று, நூல், ஒரு வாளி, வலுவான காந்தம், வெள்ளைத் தாள், கடலடி மலைத்தொடர்கள் குறிக்கப்பட்ட உலகப் படம் ஆகியவை போதும். ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறிக்கொண்டிருக்கும். அப்போது கரைப் பாறைகளில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. தை முதல் பங்குனி வரையிலான காலத்தில், நீர் வற்றி நிற்கும் நேரமாகப் பார்த்துச் செல்வது நல்லது. சுத்தியலைக் கொண்டுபோக வேண்டாம். கரையிலுள்ள பாறையை உடைத்துத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை; வீடு கட்டுமிடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியே நமக்கு வேண்டிய மாதிரிக் கல்.

கரை எங்கே முடிகிறது?

முக்கடல் கூடும் இடத்தில் நின்றதும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கண்டம் எங்கே முடிகிறது என்பது. அலை வந்து தொடும் இடத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது தவறு என்பதை நம் மீனவர்களின் அனுபவத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். குமரி முனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்னும் மீன்பிடித் தளம் 200 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. கடல் நீர் மூடியிருந்தாலும் அதன் அடியில் தொடர்வது நாம் நிற்கும் அதே கண்டம்தான். அந்தப் பகுதியைக் கண்டத்திட்டு என்று அழைக்கிறோம். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணையும் ஆழமற்றதே. இரு கரைகளையும் தாங்குவது கண்ட மேலோடுதான். கண்டத்திட்டின் விளிம்பைக் கடந்த பிறகு கடலின் அடித்தரை சரிந்து இறங்கி மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழத்தை எட்டுகிறது. வேறு வகை மேலோடு அந்தச் சரிவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஆகவே கடலையும் நிலத்தையும் பிரிக்கும் கோடு வேறு, இரு மேலோடுகளைப் பிரிக்கும் கோடு வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதியாவிட்டால் பின்னால் வரும் எதுவும் தெளிவாகாது.

கல்லை எடை போடுதல்

கைப்பிடி அளவுள்ள ஜல்லிக் கல் ஒன்றை நூலால் கட்டித் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கல் வாளி நீரில் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி பிடித்து மறுபடியும் எடையைப் பாருங்கள். முதல் எடையை, இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் கிடைப்பது, அந்தக் கல் தன் பருமனுக்குச் சமமான நீரைப்போல எத்தனை மடங்கு கனமானது என்பது. காற்றில் 270 கிராமும் நீரில் 170 கிராமும் காட்டும் கல் 2.7 மடங்கு கனமானது. நம் ஊர்க் கற்கள் பெரும்பாலும் இதையொட்டியே அமையும். கருமை மிகுந்த கல் சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

ஒப்பிடுவதற்குப் பசால்ட் என்னும் எரிமலைக் கல் தேவை. அது இங்கே எளிதில் அகப்படாது. ஆனால் மும்பை, புனே பக்கம் வேலைக்குச் சென்று வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது நம் ஊரில் உண்டு. அங்கே சாலையோரம் கிடக்கும் கரிய கல் துண்டு, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் வழிந்து உறைந்த பசால்ட்தான். அது கண்டத்தின்மேல் கொட்டிய குழம்பு என்றாலும், கடலடியில் உருவாகும் கல்லும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதை எடை போட்டால் 2.9 அளவுக்கு வரும்.

2.7, 2.9 என்ற இந்தச் சிறிய வேறுபாட்டை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. இரு மேலோடுகளுக்கும் கீழே இருக்கும் கவசத்தின் பாறை 3.3 மடங்கு கனமானது. அதன்மேல் இரண்டும் மிதந்த நிலையில் அமர்ந்திருக்கின்றன. கண்ட மேலோடு எடை குறைந்தது மட்டுமன்றித் தடிமனும் கொண்டது. சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் வரை, இமயம், திபெத் போன்ற இடங்களில் 70 கிலோமீட்டர் வரை அது நீள்கிறது. கடலடி மேலோட்டின் தடிமனோ ஆறேழு கிலோமீட்டர்தான். முருக்கு மரத்தின் தடித்த கட்டை ஒன்றையும், அயனி மரத்தின் மெல்லிய பலகை ஒன்றையும் ஒரே தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள். முருக்கங்கட்டை நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அயனிப் பலகை நீர்மட்டத்தோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். கடல்நீர் போய்த் தேங்குவதற்கு ஒரு பள்ளம் இருப்பதன் காரணமே இதுதான். கடல் இருப்பதால் அடித்தரை தாழவில்லை. அடித்தரை தாழ்ந்திருப்பதால் அங்கே கடல் இருக்கிறது.

கடலடி மேலோடு பிறக்கும் விதம்

இனி உலகப் படத்தை விரிக்க வேண்டும். அரபிக் கடலுக்குத் தெற்கே, குமரியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தென்மேற்கில், கார்ல்ஸ்பெர்க் முகடு என்னும் மலைத்தொடர் கடலுக்கு அடியில் ஓடுகிறது. உலகக் கடல்களை எல்லாம் சுற்றி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரின் ஒரு கிளை அது. அங்கே, மேலோடும் அதன் அடியில் ஒட்டிய கவசப் பகுதியும் சேர்ந்த இரண்டு புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விலகும் இடைவெளியை நிரப்புவதற்காகக் கீழேயுள்ள கவசப் பாறை மெல்ல மேலேறி வருகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கவசம் முழுவதும் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்றும், விரிசல் கண்ட இடத்தில் அது பொங்கி வழிகிறது என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் கவசம் திண்மப் பாறை. ஆயிரத்து முந்நூறு டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகியிருக்கும் உள்நீர், அழுத்தம் இருக்கும்வரை அடங்கியிருக்கிறது. அழுத்தம் சட்டென இறங்கும்போது, புதிதாகச் சூடு எதுவும் ஏற்றாமலே குபீரெனக் கொதிக்கிறது. குக்கரில் நடப்பது கொதித்தல், கவசத்தில் நடப்பது உருகுதல் என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் வெப்பம் கூடாமல் அழுத்தம் குறைவதாலேயே நிலை மாறுகிறது என்பது இரண்டுக்கும் பொது. மேலேறி வரும் கவசப் பாறை முழுவதுமாக உருகுவதும் இல்லை. எளிதில் உருகக்கூடிய ஒரு சிறு பங்கு மட்டும் உருகிப் பிரிந்து மேலே வருகிறது. பெரிடோடைட் என்னும் கவசப் பாறையிலிருந்து அதனின் வேறுபட்ட பசால்ட் கிடைப்பது இவ்வாறுதான்.

அந்தக் குழம்பு மூன்று விதமாக உறைகிறது. கடல்நீரைத் தொட்ட பகுதி சட்டெனக் குளிர்ந்து, தலையணைகளை அடுக்கியதுபோல் உருண்டு உறைகிறது. அதற்குக் கீழே, விரிசல்களில் ஏறும்போதே இறுகிய பகுதி, புத்தகங்களை நிறுத்தி அடுக்கியதுபோல் செங்குத்துச் சுவர்களாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லக் குளிர்ந்த பகுதி, கண்ணுக்குத் தெரியும் பெரிய படிகங்களைக் கொண்ட காப்ரோ என்னும் பாறையாகிறது. மூன்றுக்கும் வேதிப்பொருள் ஏறக்குறைய ஒன்றே. குளிர்ந்த வேகம்தான் வேறு.

இதை நம்புவதற்குச் சான்று என்ன என்று ஒரு மாணவராவது கேட்பார், கேட்க வேண்டும். அந்தச் சான்று நம் பக்கத்துக் கடலிலிருந்தே கிடைத்தது. 1962இல் பிரிட்டிஷ் கப்பலான ஓவன், கார்ல்ஸ்பெர்க் முகட்டின்மேல் சென்று கடலடிப் பாறையின் காந்தத் தன்மையை அளந்தது. பூமியின் காந்தப்புலம் காலத்துக்குக் காலம் வடக்குத் தெற்காகத் தலைகீழாகிறது. கடைசியாக அது மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. குழம்பு உறையும்போது அன்றிருந்த திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. எனவே முகட்டின் இரு புறமும் நேர்த்திசை, எதிர்த்திசை என மாறி மாறிப் பட்டைகள் அமைந்திருந்தால், அங்கே மேலோடு பிறந்து இரு பக்கமும் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது என்றே பொருள் என்று ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் 1963இல் எழுதினார்கள். கடலடி விரிகிறது என்ற கருத்து ஊகம் என்ற நிலையைக் கடந்து அறிவியலாக வேரூன்றியதில் இந்த அளவீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முகட்டிலிருந்து விலக விலகக் கடலடித் தட்டு குளிர்கிறது; குளிரக் குளிர, அடியில் ஒட்டியிருக்கும் கவசப் பகுதியோடு சேர்ந்து கனக்கிறது. கடைசியில் வேறொரு தட்டின் கீழ் வளைந்து அமிழ்ந்துவிடுகிறது. ஆழத்துக்குச் சென்ற பசால்ட், அழுத்தத்தால் இன்னும் கனமான பாறையாக மாறுவதால் அந்த இறக்கம் தொடர்கிறது. பெருங்கடல்களின் தரையில் 18 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறையைத் தேடிக் காண்பது அரிதாயிருப்பது இதனால்தான்.

கண்ட மேலோடு பிறக்கும் விதம்

அமிழும் இடம் ஒன்றை நம் கரை மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி ஆகிய ஊர்களைச் சிதைத்த பேரலை, இந்தியப் பெருங்கடலின் தட்டு சுமத்ரா, அந்தமான் பகுதிக்கு அடியில் புகும் எல்லையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்தது. பல நூற்றாண்டுகளாகச் சிக்கிக்கொண்டு இழுபட்ட விளிம்பு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு விடுபட்டு எழுந்தபோது, மேலிருந்த கடலையும் தூக்கியெறிந்தது. உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும்; எனவே இதைச் சொல்லும்போது ஆசிரியர் நிதானமாகவும் மரியாதையாகவும் சொல்ல வேண்டும்.

அதே எல்லையில்தான் கண்ட மேலோட்டுக்கான கச்சாப்பொருளும் உருவாகிறது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த தட்டு, தன் கனிமங்களுக்குள் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் அளவு ஆழத்தை எட்டும்போது அந்த நீர் பிழிந்தெடுக்கப்பட்டு மேலேயுள்ள கவசத்துக்குள் ஊறுகிறது. சின்னமுட்டம் துறைமுகத்தில் இருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்: உப்புப் பட்ட ஐஸ், படாத ஐஸைவிட விரைவில் உருகும். வேற்றுப் பொருள் ஒன்று கலந்ததும் உருகுநிலை தாழ்ந்துவிடுகிறது. ஐஸுக்கு உப்பு செய்வதைக் கவசப் பாறைக்கு நீர் செய்கிறது. முகட்டில் அழுத்தம் குறைந்ததால் உருகிய பாறை, இங்கே நீர் சேர்ந்ததால் உருகுகிறது. அந்தமான் கடலிலுள்ள பேரன் (Barren) தீவு எரிமலை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அமைதிக்குப் பிறகு 1991இல் மீண்டும் வெடித்தது. அதற்குத் தீனி போடுவது இந்தக் குழம்பே.

ஆனால் இப்படி உருகி வருவதும் தொடக்கத்தில் பசால்ட் இனத்தைச் சேர்ந்ததே. அது கருங்கல் இனமாக, சிலிக்கா மிகுந்த எடை குறைந்த பாறையாக மாறுவது எப்படி என்பதே இந்தப் பாடத்தின் கடினமான பகுதி. அதற்கு விடை காண மாணவர்களை நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாத்திக்குப் பாத்தி கடல்நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதற்குப் பின்னரே சமையல் உப்பு விளைகிறது. உப்பையும் வாரிய பிறகு மிஞ்சுவது மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர். ஒரே கடல்நீர்தான், ஆயினும் ஒவ்வொரு பொருளும் படிந்து வெளியேறும்தோறும் மிஞ்சும் நீரின் தன்மை மாறிக்கொண்டே போகிறது. ஆழத்தில் தேங்கிக் குளிரும் பாறைக்குழம்பிலும் இதுவே நடக்கிறது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிந்துவிட, மிஞ்சும் குழம்பில் சிலிக்காவின் பங்கு ஏறுகிறது. அதனுடன், சூடான குழம்பு ஏற்கெனவே இருக்கும் மேலோட்டையும் ஓரளவு உருக்கி, அதன் எளிதில் உருகும் பங்கைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. இவ்வாறு சலித்துப் பிரித்தல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தே கண்டம் தடிக்கிறது. எடை குறைந்திருப்பதால் அது எளிதில் அமிழ்வதில்லை. மோதும்போதும் மடிந்து உயர்கிறதே ஒழிய, கடலடித் தட்டைப்போல முழுவதும் கீழே போய்விடுவதில்லை.

நம் பாறையின் வாழ்க்கை

இப்போது கரைக்குத் திரும்பிப் பாறையை லென்சால் பாருங்கள். விவேகானந்தர் பாறையிலும் குமரிக் கரை நெடுகிலும் காணப்படுவது சார்னோக்கைட் என்னும் பாறை. புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்து, பச்சையும் பழுப்பும் கலந்த கருமையாக இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மேலிருந்த கல், சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல்லை ஒத்திருந்ததைக் கண்ட புவியியலாளர் டாமஸ் ஹாலந்து இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். நம் பகுதிச் சார்னோக்கைட் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு குழம்பாகப் பிறந்து, பின்னர் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆழத்தில் 800 டிகிரி அளவிலான வெப்பத்தில் வெந்து உருமாறியது. நீரை இழந்த வறண்ட நிலையில் வெந்ததால்தான் அதற்கு அந்தக் கருமை. இன்று சுற்றுலாப் பயணிகள் செருப்புக் காலோடு நடக்கும் இந்தப் பாறை, கண்டத்தின் அடிவயிற்றில் இருந்தது. மேலே கிடந்த பல கிலோமீட்டர் பாறை அரித்துக் கழிந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

மாவட்டத்தில் இன்னொரு பாறையும் உண்டு. சிவப்புக் கார்னெட்டும் சில்லிமனைட்டும் கொண்ட, வானிலைபட்டுச் செம்மண்ணாகக் கரையும் கோண்டலைட். அது ஒரு காலத்தில் நீரடியில் படிந்த களிமண். ஆழத்தில் புதைந்து வெந்ததால் பாறையாயிற்று. ஒரு கண்டம் தன் மண்ணையே மறுபடியும் பாறையாக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இவற்றை ஒத்த பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இருப்பது, இந்நிலங்கள் முன்னொரு காலத்தில் ஒட்டியிருந்ததைக் காட்டுகிறது.

மதியத்துக்குப் பிறகு மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் செல்லுங்கள். அலை விட்டுச்சென்ற கருமணலைச் சிறிதளவு உள்ளங்கையில் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினால் கறுப்பு இல்மனைட்டும், சிவப்புக் கார்னெட்டும், நிறமற்று மின்னும் சிர்கானும் லென்சில் பிரிந்து தெரியும். காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் அசையும், சிர்கான் அசையாது. பார்த்த பிறகு மணலை அங்கேயே விட்டுவிடுங்கள். அதில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. அது அணுக் கனிமம் என்பதால் சட்டப்படியும் அள்ளிச் செல்லக் கூடாது. சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைச் சிறிது ஏற்றுக்கொண்டு, காரீயத்தை ஏற்க மறுக்கிறது. யுரேனியம் 238இன் பாதி, 447 கோடி ஆண்டுகளில் காரீயமாகிறது. ஆகவே படிகத்துக்குள் சேர்ந்துள்ள காரீயத்தை அளந்தால் அதன் வயது கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த சிர்கான் ஒன்றின் வயது 440 கோடி ஆண்டுகள். பூமி பிறந்து ஏறத்தாழ பதினைந்து கோடி ஆண்டுகளிலேயே கண்டத்தை ஒத்த பாறை ஏதோ ஒரு வடிவில் தோன்றியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுவதற்கு அந்தத் துகளே அடிப்படை.

குமரிக்கண்டம் பற்றிய கேள்வி

குமரிக்குத் தெற்கே குமரிக்கண்டம் என்னும் பெருநிலம் இருந்து கடலில் மூழ்கியதா என்ற கேள்வி எழாமல் எந்தப் பயணமும் முடிவதில்லை. தட்டிக்கழிக்காமல் விடை சொல்ல வேண்டும். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் இலெமூரியா என்ற பெயரை 1864இல் உருவாக்கியவர் பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளர். தட்டுகள் நகர்வது அறியப்படாத காலத்தில், மடகாஸ்கரின் உயிரினங்களுக்கும் இந்திய உயிரினங்களுக்கும் உள்ள உறவை விளக்குவதற்கு அவருக்கு ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. இன்று அது தேவையில்லை. நிலங்களே விலகிச் சென்றன என்று அறிந்துவிட்டோம். காலையில் செய்த மரக்கட்டைச் சோதனையை நினைவூட்டுங்கள்: எடை குறைந்த தடித்த கண்டம் ஒன்று ஆழ்கடலுக்குள் முழுகி மறைவதற்கு வழியில்லை. கடலிலேயே எஞ்சி நின்ற கண்டத்துண்டு எப்படியிருக்கும் என்பதற்குச் செஷல்ஸ் தீவுகளின் கிரானைட் எடுத்துக்காட்டு. அது முழுகாமல் நிற்கிறது. ஆயினும் நம் முன்னோர் சொன்ன கடல்கோள் வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் நான் உடன்படமாட்டேன். 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று குமரிக்குத் தெற்கேயுள்ள கண்டத்திட்டின் பெரும் பகுதி காய்ந்த நிலம். பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த நிலம் மெல்ல மெல்ல மூழ்கியது. மூழ்கியது கண்டத்தின் விளிம்பு, கண்டமன்று.

மாலையில் திரும்புமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரையட்டும். 10 கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குமரிக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கண்ட மேலோடு, இரு பக்கமும் ஆழ்கடலில் முக்கால் சென்டிமீட்டரும் நிரம்பாத கடலடி மேலோடு, மேற்கே அது பிறக்கும் கார்ல்ஸ்பெர்க் முகடு, கிழக்கே அது அமிழும் சுமத்ரா அகழி ஆகியவை அதில் வர வேண்டும். முகட்டுக்கும் அகழிக்கும் இடையிலான அகலத்தை இதே அளவில் வரைந்தால் தாள் மூன்று மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே அகலத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், சுருக்கியிருக்கிறோம் என்பதைப் படத்திலேயே எழுதவும் சொல்லுங்கள். பின்னொரு நாள் அந்தமானுக்கோ லடாக்குக்கோ செல்ல வாய்ப்பவர்கள் இந்தப் படத்தைக் கையோடு கொண்டு போகலாம். தட்டுகள் மோதியபோது அமிழாமல் நிலத்தின்மேல் ஏறிவிட்ட பழங்கடல் தரையின் துண்டுகள், தலையணை வடிவப் பசால்ட்டும் காப்ரோவும் பெரிடோடைட்டுமாக, அங்கே வெயிலில் கிடக்கின்றன.